ஹன்னா ஹோக்: இதழ்ப்படங்களில் வெட்டியெடுத்த தன்னுருவம்

ஹன்னா ஹோக் (1889–1978) ஜெர்மனியைச் சேர்ந்த ஓவியர். முதல் உலகப்போரின் இறுதியில் பெர்லினில் உருவான டாடா குழுவின் படைப்பாளிகளுள் ஒருவர். அச்சிதழ்களில் வெளியான ஒளிப்படங்களை வெட்டி, இடம் மாற்றி, ஒட்டி உருவாக்கும் ‘போட்டோமாண்டாஜ்’ என்னும் கொலாஜ் வகையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் அவருடைய பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. அரசியல் கேலி, இயந்திர வழிபாடு, போர் எதிர்ப்பு ஆகிய பொருள்களில் அவருடைய படைப்புகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கத்தரிக்கோலை விடாமல் வைத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இதழ்கள் தயாராக வைத்திருந்த விடைகளை அவர் நம்பவில்லை. அந்த விடைகளையே வெட்டிப் பார்த்தார்.

வகுப்பறைக் கொலாஜ்

பழைய வார இதழ்களிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி ‘என்னைப் பற்றி’ ஒரு கொலாஜ் செய்வது இன்று பள்ளிகளிலும், கலைவழி உளச்சிகிச்சையிலும் பரவலான பயிற்சி. அமெரிக்கக் கலைச்சிகிச்சையாளர் ஹெலன் லேண்ட்கார்ட்டன் 1993இல் இதழ்ப்படக் கொலாஜ் பற்றித் தனி நூலே எழுதினார். பயிற்சியின் வசதி வெளிப்படையானது. வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளைக் கண்டு வரும் அச்சம் இல்லை. பேசத் தயங்குகிறவர்கூட ஒரு படத்தைச் சுட்டிக்காட்ட முடியும்.

இந்தப் பயிற்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இதழில் உள்ள எந்தப் படமும் அதை வெட்டுகிறவருக்காக எடுக்கப்பட்டதன்று. சோப்பு விற்கவும் கார் விற்கவும் சுற்றுலாச் சீட்டு விற்கவும் எடுக்கப்பட்டவை அவை. பிடித்த படங்களை மட்டும் தேர்ந்து அழகாக அடுக்கும் மாணவி, தன்னை வெளிப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு விளம்பரக்காரர் வரைந்து வைத்த ஆளையே திரும்ப ஒட்டிவிட்டு எழுந்திருக்கக் கூடும். அவளுடைய வீடோ, அம்மாவின் முகமோ, அவளுடைய நிறமோ அந்த இதழில் ஒரு பக்கத்திலும் இல்லாமல் போயிருக்கலாம். அப்போது எதை வெட்டுவது? ஹோக்கின் படைப்புகளை இந்தக் கேள்வியோடு பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் அவர் இதழை வெளியிலிருந்து பார்த்த வாசகி மட்டும் அல்லர். அதைத் தயாரித்த இடத்தில் சம்பளம் வாங்கியவர்.

உல்ஷ்டைன் வேலை

ஹோக் கோத்தா நகரில் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில், கடைசித் தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். 1912இல்தான் பெர்லினுக்கு வந்து பயன்பாட்டுக் கலைப் பள்ளியில் சேர முடிந்தது. போர் இடையில் குறுக்கிட்டது. 1915இல் மீண்டும் பெர்லின் வந்து எமில் ஓர்லிக்கிடம் வரைகலை பயின்றார். அந்த ஆண்டு ரவுல் ஹவுஸ்மனைச் சந்தித்தார்.

1916 முதல் 1926 வரை உல்ஷ்டைன் பதிப்பகத்தின் கைவேலைப் பிரிவில் வாரத்தில் மூன்று நாள் வேலை. ஜெர்மனியின் மிகப் பெரிய இதழ் நிறுவனங்களில் ஒன்று அது. பெண்களுக்கான இதழ்களில் வரும் உடை, பூத்தையல், பின்னல் மாதிரிகளை அவர் வரைந்து கொடுத்தார். ‘டீ டாமே’ அந்த நிறுவனத்தின் நாகரிகப் பெண்கள் இதழ். ‘பெர்லினர் இல்லுஸ்ட்ரியர்டே’ அதன் படக்கிழமை இதழ். விற்பனையில் நாட்டின் முன்னணியில் இருந்தது. ஹோக்கின் கொலாஜ்களுக்குக் கச்சாப்பொருள் பெருமளவு இந்த இதழ்களிலிருந்தே வந்தது.

இந்த விவரம் வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் எழுதிக் கடந்துவிடக் கூடியது அன்று. வாரத்தில் மூன்று நாள் அவர் ‘புதிய பெண்’ணின் சட்டைக் கழுத்தையும் மேசைவிரிப்பையும் வடிவமைத்தார். மற்ற நாள்களில் அதே பெண்ணின் முகத்தை வெட்டினார். ஒரு கையால் கட்டியதை மறுகையால் பிரித்தார் என்று சொன்னாலும் முழுதும் சரியாகாது. பூத்தையலை அவர் இழிவாக நினைக்கவில்லை. 1918இல் பூத்தையல் இதழ் ஒன்றில், அதைக் கலையாக மதித்துத் தம் காலத்துக்கு ஏற்பச் செய்யுமாறு பெண்களைக் கேட்டு எழுதினார். 1920களின் தொடக்கத்தில் செய்த சில கொலாஜ்களில் முகமே கிடையாது. தையல் மாதிரித்தாளின் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே உள்ளன. சரிகைச் சட்டை ஒன்றுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதாகப் பெயரிட்ட 1922ஆம் ஆண்டுக் கொலாஜ் அவ்வகை. தளபதிகளுக்குச் சிலை வைத்த நாட்டில் சட்டைக்கு நினைவுச்சின்னம். கேலியும் பாசமும் ஒரே தாளில் இருக்கின்றன. சம்பள வேலையில் மிஞ்சிய காகிதம் அவருடைய அடையாளத்தின் ஒரு பகுதியாகவே அதில் நிற்கிறது.

சிப்பாயின் தலை

போட்டோமாண்டாஜை யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதில் டாடா நண்பர்களுக்குள் நீண்ட சண்டை. ஜார்ஜ் கிராஸும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் தங்களுக்கே அது உரியது என்றார்கள். ஹோக்கும் ஹவுஸ்மனும் சொன்ன கதை வேறு. 1918 கோடையில் பால்டிக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தபோது, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படைப்பிரிவு நினைவுப்படத்தைப் பார்த்தார்கள். சீருடையும் பின்னணியும் அச்சில் முன்பே ஆயத்தமாக இருக்கும். படையில் சேர்ந்தவரின் முகத்தை ஒளிப்படத்திலிருந்து வெட்டி அந்த உடலில் ஒட்டி வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

யார் முந்தியவர் என்ற சண்டையைவிட இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. பொருட்காட்சித் திடலில் ஓட்டைக்குள் தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பலகையை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். உடல் எல்லோருக்கும் ஒன்றே. தலை மட்டும் உங்களுடையது. அதாவது தன்னடையாளக் கொலாஜைக் கலைஞர்களுக்கு முன்பே படைத்துறை செய்து முடித்திருந்தது. அரசு தயாரித்த உடலில் மகனின் தலையை ஒட்டிக் குடும்பம் பெருமையோடு மாட்டிக்கொண்டது. ஹோக் அந்த முறையை எடுத்துக்கொண்டு, தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள ஒட்டை மறைக்காமல் விட்டார். அவருடைய கலை முழுவதற்கும் இந்த மறைக்காத ஒட்டே அடிப்படை.

சமையலறைக் கத்தி

ஹோக்கின் புகழ்பெற்ற படைப்பு 1919–20இல் செய்யப்பட்டது. ‘ஜெர்மனியின் கடைசி வைமார் பீர்த்தொப்பைப் பண்பாட்டுக் காலத்தினூடே சமையலறைக் கத்தியால் டாடா போட்ட வெட்டு’ என்று அதன் நீண்ட தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 114 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் கொண்டது, அக்காலக் கொலாஜ்களில் இது மிகப் பெரியது. இப்போது பெர்லின் தேசியக் காட்சியகத்தில் உள்ளது.

மேலே வலப்புறத்தில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். அவருடைய மீசை இருந்த இடத்தில் இரண்டு மல்லர்கள் தலைகீழாகக் கிடக்கிறார்கள். தளபதி ஹிண்டன்பர்க்கின் தலை ஒரு நடனப்பெண்ணின் உடலில் அமர்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஐன்ஸ்டைனின் பெரிய முகம். கீழே கூட்டம் கூட்டமாக மக்கள். பற்சக்கரங்கள், பந்து உருளிகள், அச்செழுத்துத் துண்டுகள். படத்தின் நடுவில் நடனக் கலைஞர் நிடி இம்பெகோவனின் துள்ளும் உடல். தலை இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருக்க, அதற்கு மேலே ஓவியர் கெடே கோல்விட்ஸின் தலை மிதக்கிறது. ஆண்களின் தலைகளைப் பெண்களின் உடல்களில் பொருத்திக் கேலி செய்யும் கத்தி, இங்கே மட்டும் ஒரு பெண்ணின் அறிவையும் இன்னொரு பெண்ணின் கால்களையும் ஒன்றாகச் சேர்க்க முயல்கிறது. ஆனால் சேர்த்துவிடவில்லை. இடைவெளி அப்படியே இருக்கிறது. விமர்சகர்கள் பலர் இந்த நடுவுருவத்தை விடுதலையின் குறியாக வாசிக்கிறார்கள். அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தால், விடுதலை இன்னும் வந்துசேரவில்லை என்ற வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

கீழே வலது மூலையில் ஐரோப்பாவின் சிறிய வரைபடத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த, கிடைக்கவிருந்த நாடுகளைக் காட்டும் வரைபடம் அது. ஜெர்மன் பெண்கள் 1919 ஜனவரியில்தான் முதன்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தார்கள். அந்த வரைபடத்தின் ஓரத்தில், தேடினால் மட்டும் கிடைக்கும் அளவில், ஹோக்கின் சொந்த முகம் ஒட்டியிருக்கிறது.

ஓவியர்கள் வழக்கமாகக் கையெழுத்திடும் இடம் அந்த மூலை. ஹோக் கையெழுத்துக்குப் பதிலாக முகத்தை வைத்தார் என்றே கொள்ளலாம். தன்னைப் பற்றிய படம் என்றால் தன் முகம் நடுவில் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிரானது. பேரரசரும் அறிவியலாளரும் கூட்டமும் இயந்திரமும் நிறைந்த பரப்பில் தன் இடம் எவ்வளவு என்று அளந்து, நகம் அளவு முகத்தை, அதுவும் ஓர் உரிமையின் வரைபடத்தின்மேல், ஒட்டியிருக்கிறார். ‘நான் யார்’ என்பதற்கு ‘நான் எங்கே நிற்கிறேன்’ என்று விடை சொல்லும் தன்னுருவம் அது. குணங்களை அடுக்கும் நூறு கொலாஜ்களைவிட இந்தச் சிறு துண்டு அதிகம் சொல்கிறது.

தலைப்பில் சமையலறைக் கத்தி வருவதும் தற்செயல் அன்று. 1920 கோடையில் பெர்லினில் நடந்த முதலாம் பன்னாட்டு டாடாக் கண்காட்சியில் ஹோக்கின் படைப்புகளைச் சேர்ப்பதைக் கிராஸும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்த்தார்கள். தன் படைப்புகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவதாக ஹவுஸ்மன் மிரட்டிய பிறகே இடம் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஹான்ஸ் ரிக்டர் எழுதிய நினைவுக்குறிப்பில் ஹோக் பற்றிச் சொல்லும்போது, கையில் காசில்லாத காலத்திலும் நண்பர்களுக்கு ரொட்டியும் பீரும் காப்பியும் ஏற்பாடு செய்தவர் என்ற செய்தியே முன்னால் நிற்கிறது. பெண் விடுதலை பேசிய ஹவுஸ்மன் மணமானவர். மனைவியை விடவும் இல்லை, ஹோக்கை விடவும் இல்லை. 1922இல் ஹோக்கே விலகினார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய ‘ஓவியன்’ என்ற கேலிக்கதையின் நாயகன், பாத்திரம் கழுவச் சொன்னதால் தன் மேதைமைக்கு இழுக்கு வந்ததாகப் புலம்புகிறான். டாடாவின் ஆண்கள் தங்களைப் பொறியாளர்கள் என்று அழைத்துக்கொண்ட காலத்தில், தன் கருவி அடுக்களையிலிருந்து வந்தது என்று ஹோக் தலைப்பிலேயே எழுதிவைத்தார்.

‘அழகிய பெண்’

1920இல் செய்த ‘அழகிய பெண்’ அளவில் சிறியது. நீச்சலுடை அணிந்த பெண் இரும்புத்தூண்மேல் அமர்ந்திருக்கிறாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் மின்விளக்கு. சுற்றிலும் பிஎம்டபிள்யூ சின்னங்கள். பின்னால் பெரிய கொண்டை முடி மட்டும் இருக்கிறது. அதற்குரிய முகம் இல்லை. விளம்பரத்தில் பெண் எதற்காக நிற்கிறாள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். கண்டனமாக மட்டும் இதை வாசிப்பவர்கள், இந்தப் படம் பார்ப்பதற்கு எவ்வளவு மகிழ்ச்சியானது என்பதை விட்டுவிடுகிறார்கள். வண்ணமும் வட்டங்களும் பளபளப்பும் ஹோக்குக்கும் பிடித்திருந்தன. தன்னைக் கவர்ந்ததையே அவர் வெட்டினார். பிடிக்காததை வெட்டுவது எளிது.

இந்தியா இல்லாத ‘இந்திய நடனமாது’

1920களின் நடுவிலிருந்து 1930களின் முற்பகுதி வரை ஹோக் ‘இனவியல் அருங்காட்சியகத்திலிருந்து’ என்ற வரிசையைச் செய்தார். 1926 முதல் டச்சு எழுத்தாளர் டில் புருக்மனுடன் இணைந்து வாழ்ந்த ஆண்டுகள் இவை. முதலில் தி ஹேக், 1929க்குப் பின் பெர்லின். இரண்டு பெண்களின் குடும்பம் என்ற வாழ்க்கைக்கு எந்த இதழிலும் மாதிரிப்படம் கிடையாது. ஆணுடல், பெண்ணுடல், தோல், மரம், கல் ஆகியவற்றின் எல்லைகள் கலங்கும் உருவங்கள் அவருடைய கொலாஜ்களில் இந்தக் காலத்தில்தான் பெருகுகின்றன.

வரிசையில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய படம் 1930இல் செய்த ‘இந்திய நடனமாது’. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. முகம் மரியா ஃபால்கொனெட்டியுடையது. கார்ல் டிரையரின் 1928ஆம் ஆண்டு மௌனப்படத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்த பிரெஞ்சு நடிகை. அந்த முகத்தின் பாதியைக் கேமரூன் நாட்டு மரமுகமூடியின் துண்டு மறைக்கிறது. தலையில் கிரீடம், அருகில் போய்ப் பார்த்தால் கரண்டிகளும் கத்திகளும் வெட்டிய வடிவங்கள். பிரான்சு இருக்கிறது, ஆப்பிரிக்கா இருக்கிறது, ஐரோப்பியச் சமையலறை இருக்கிறது. தலைப்பைத் தவிர இந்தியா எங்கும் இல்லை.

இதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. ‘இந்திய நடனம்’ என்ற பெயரில் ஐரோப்பிய மேடைகளில் அப்போது ஆடப்பட்டவற்றில் பல ஐரோப்பியப் பெண்களின் கற்பனை. அந்தப் போலியைப் படம் தன் பொருள்களாலேயே காட்டிக்கொடுக்கிறது. நெருப்பில் நின்ற புனிதப்பெண்ணின் தலையில் அடுக்களைக் கிரீடத்தை வைத்ததில் கூர்மையான நகைப்பும் இருக்கிறது.

ஆனாலும் வரிசை முழுவதையும் பார்க்கும்போது ஒரு நெருடல் எஞ்சுகிறது. ஐரோப்பியத் துண்டுகளுக்குப் பெயர் உண்டு. ஃபால்கொனெட்டி யார் என்று தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. முகமூடியைச் செதுக்கிய கைக்குப் பெயர் இல்லை. அருங்காட்சியகமும் இதழும் ஏற்கெனவே அந்தப் பெயரை அழித்திருந்தன. கொலாஜ் அதைத் திருப்பித் தரவில்லை. ஜெர்மன் பெண் தன் அடையாளத்தைச் சோதிக்க, வேறொரு மக்களின் சடங்குப்பொருள் கண்ணாடியாகப் பயன்பட்டிருக்கிறது. ஹோக் காலனியப் பார்வையைக் கேலி செய்தார் என்பது உண்மை. அந்தப் பார்வை சேர்த்து வைத்த சரக்கைக்கொண்டே கேலி செய்தார் என்பதும் உண்மை. அவரைப் போற்றும் கட்டுரைகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

அந்த மறுபக்கத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்தவர் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ரொமேர் பியர்டன். 1963இல் நியூயார்க்கில் உருவான ‘ஸ்பைரல்’ குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்று அவர் முன்மொழிந்தார். மற்றவர்கள் ஆர்வம் காட்டவில்லை. அவர் மட்டும் தொடர்ந்தார். 1964இல் அந்தக் கொலாஜ்களை ஒளிப்பட முறையில் பெரிதாக்கி ‘புரொஜெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். அவற்றிலும் ஆப்பிரிக்க முகமூடிகள் உள்ளன. ஆனால் ஹார்லெம் தெருவிலும் தென்மாநிலச் சமையலறையிலும் நிற்கும் மனிதர்களின் கண்ணும் மூக்குமாக உள்ளன. ஹோக்கிடம் வேற்றுமையைக் குறித்த பொருள், பியர்டனிடம் உறவைக் குறிக்கிறது. ஒரே முகமூடி, ஒரே கத்தரிக்கோல். வெட்டுகிறவர் நிற்கும் இடம் வேறு.

ஒட்டேடும் ஒளித்த பெட்டிகளும்

1933ஐ ஒட்டி ஹோக் ஓர் ஒட்டேட்டை உருவாக்கினார். ‘டீ டாமே’ இதழ்ப்பிரதிகளையே அடித்தாளாக வைத்து, அவற்றின்மேல் 400க்கும் மேற்பட்ட இதழ்ப்படங்களை ஒட்டியிருக்கிறார். இதில் படங்களைச் சிதைத்து ஒட்டவில்லை. முழுப்படங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். விலங்குக்குட்டிகள், உடற்பயிற்சி செய்யும் பெண்கள், திரைநடிகைகள், தாவரங்கள், வானிலிருந்து எடுத்த நிலக்காட்சிகள். காட்சிக்காகச் செய்யாததால் இதில் வாதம் எதுவும் இல்லை. பார்க்கப் பிடித்தவற்றைச் சேர்த்த ஒருவரின் கண் மட்டும் இருக்கிறது. மாணவர்கள் பின்பற்ற ‘சமையலறைக் கத்தி’யைவிட இந்த ஒட்டேடே நல்ல தொடக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதன்பின் நாஜி ஆட்சி. டெசாவ் பௌஹவுஸில் 1932இல் நடக்கவிருந்த அவருடைய கண்காட்சி ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்தது. 1937இல் வெளிவந்த நாஜிக் கலைப்பிரசார நூல் ஒன்று அவரைப் பெயர் சொல்லித் தாக்கியது. 1939இல் பெர்லினின் புறநகரான ஹைலிகன்சேயில் ஒரு சிறுவீட்டை வாங்கி ஒதுங்கினார். டாடா நண்பர்களின் கடிதங்கள், துண்டறிக்கைகள், படைப்புகள் ஆகியவற்றை அங்கே ஒளித்துவைத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் தண்டனை உறுதி. பெர்லின் டாடா பற்றி இன்று தெரிந்தவற்றில் கணிசமான பகுதி, குழுவில் ரொட்டி கொடுத்தவராக நினைவுகூரப்பட்ட அந்தப் பெண் காத்துக் கொடுத்தது.

‘வாழ்க்கைப் படம்’

1972–73இல், 83 வயதில், ஹோக் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ‘வாழ்க்கைப் படம்’ என்ற கொலாஜைச் செய்தார். ஒளிப்படக் கலைஞர்களான லீசலோட்டே, ஆர்மின் ஓர்கெல்-கோனே தம்பதியர் தூண்ட, அவர்கள் எடுத்துக் கொடுத்த படங்களைப் பெருமளவு பயன்படுத்தினார். வெவ்வேறு வயதுகளில் அவருடைய முகம், தோட்டம், செடிகள், பழைய பொம்மைகள், நண்பர்கள், தம் முந்தைய கொலாஜ்களின் படிகள். முதன்முறையாக அவர் முகம் படமெங்கும் பரவி நிற்கிறது.

இதை அவருடைய வாழ்வின் தொகுப்பாகப் பலர் கொண்டாடுகிறார்கள். ஆவணமாக அதன் மதிப்பில் ஐயமில்லை. தன்னடையாளத் தேடலாகப் பார்த்தால் இது 1920இன் நகம் அளவு முகத்துக்குப் பின்தங்கியே நிற்கிறது. இங்கே படங்கள் அவருக்காகவே எடுக்கப்பட்டவை. எதிர்த்து வெட்ட வேண்டிய படம் ஒன்றும் மேசையில் இல்லை. கத்தரிக்கோல் பிரிப்பதை நிறுத்திவிட்டு அடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ஓரங்களில் பழைய குறும்பு எட்டிப்பார்க்கிறது: தம் பழைய படைப்புகளின் படிகளைக்கூட முழுதாக விட மனமில்லாமல், அவற்றிலிருந்து துண்டுகளை வெட்டித் தம் முகத்தின் அருகில் ஒட்டியிருக்கிறார்.